கேட்டிருக்கலாமே, அண்ணே

அந்த வார இதழை என் கையில் கொடுத்தது எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் அக்கா. "டீச்சர், இது உங்க அண்ணன் எழுதினதுதானே? படிச்சுட்டு அழுதுட்டேன்" என்று என் தோளைத் தடவினார். வராந்தாவில் நின்றபடியே படித்தேன். மூன்று பக்கம். என் பேரை மாற்றியிருந்தாய், அண்ணே. உன் பேரை மாற்றவில்லையே! உனக்கு இருப்பது ஒரே தங்கச்சி என்பது ஊருக்கே தெரியுமே!

சித்தி மகள் கல்யாணப் பந்தி. அப்போது எனக்குப் பதினாறு வயது. சாம்பார் வாளி எனக்கு முன்னால் வந்தது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். கண் விழித்தபோது பின்கட்டு அறையில் கிடந்தேன். அம்மாவின் முந்தானை என் இடுப்பைச் சுற்றி இருந்தது. பாவாடை ஈரமாக இருக்கிறதே என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, பந்தியில தண்ணி டம்ளர் சாஞ்சிருச்சு" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் அதை நம்பினேன். அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் அந்த வார்த்தையை மாற்றவே இல்லை. இலைமேல் என் முகம் கவிழ்ந்ததும், கை கால் வெட்டி இழுத்ததும், யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்ததும், அது தண்ணீர் இல்லை என்பதும் உன் கட்டுரையைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது. என் உடம்புக்கு நடந்ததை, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேரோடு சேர்ந்து நானும் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகையில் படிக்கும்படி ஆக்கிவிட்டாயே!

போனில் கேட்டேன். "உண்மையைத்தானே எழுதினேன்? அந்தப் பந்தியில நானும்தானே இருந்தேன்? எனக்கும் வலிச்சுதே" என்றாய். உனக்கு வலித்தது நிஜம்தான். அதை எழுது, நூறு பக்கம் எழுது. நீ பயந்து கொட்டகைக்கு வெளியே ஓடியதை எழுதலாம், அன்று சாப்பிடாமல் கிடந்ததை எழுதலாம். என் பாவாடை நனைந்தது எப்படி அண்ணே உன் வலியாகும்?

விழிப்புணர்வுக்காக எழுதினேன் என்றும் சொன்னாய். மூன்று பக்கத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நுரை இருக்கிறது, ஈரம் இருக்கிறது, சாவிக்கொத்தின் சத்தம்கூட இருக்கிறது. படித்தவர்களுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"அதற்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை" என்று முடித்திருக்கிறாய். பார்த்தாய், கேட்கவில்லை. வலிப்புக்கு எனக்குக் கொடுத்தது பெனிட்டாயின் மாத்திரை. நாள்பட்டுச் சாப்பிட்டால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். எனக்கு மூடியது. அதற்குக் கூச்சப்பட்டு உதட்டை இறுக்கிக்கொள்வேன். உன் கண்ணுக்கு அது சோகமாகத் தெரிந்திருக்கிறது. நான் எவ்வளவோ சிரித்தேன், அண்ணே, வாயை மூடிக்கொண்டு.

அம்மா ஏன் மறைத்தாள் என்று யோசித்தாயா? எனக்கு முதல் வலிப்பு வந்தது 1998இல். அப்போது இந்துத் திருமணச் சட்டத்திலேயே பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து வைத்திருந்தார்கள். 1976இல் நுழைத்த வார்த்தை அது. அடிக்கடி வலிப்பு வருகிறவரோடு நடந்த கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. 1999இல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, ஊர் வாய் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம் நானேதான் சொன்னேன். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது என் கையில் இருந்தது. அதைத்தான் நீ பிடுங்கிக்கொண்டாய்.

உண்மை என்பதாலேயே எழுதிவிடலாம் என்று நீ நினைக்கிறாய். நம் தமிழ்நாட்டில் எழுந்த வழக்கு ஒன்று இருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கு. 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுப் பதிவேடுகளில் உள்ளதை வெளியிடலாம் என்று பத்திரிகைக்கு வழிவிட்டது. அதே தீர்ப்பில், ஒரு மனிதரின் குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி பற்றியெல்லாம் அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது என்றது. அது உண்மையாகவே இருந்தாலும் சரி, பாராட்டியே எழுதினாலும் சரி என்றது. நீ என்னை "தெய்வப் பிறவி" என்று எழுதியிருக்கிறாய். அதனால் எனக்கு என்ன ஆறுதல்?

உன்னைப்போல் செய்த இன்னொருவரும் உண்டு, பி.ஏ. ஆங்கிலத்தில் நான் படித்த கவிஞர் ராபர்ட் லோவெல். தான் விட்டுப்போன மனைவி எலிசபெத் ஹார்ட்விக் எழுதிய கடிதங்களை எடுத்து, மாற்றியும் திருத்தியும் 1973இல் கவிதைப் புத்தகத்தில் போட்டார். அச்சுக்குப் போகும் முன்பே லோவெல்லின் தோழியும் பெரிய கவிஞருமான எலிசபெத் பிஷப், இது தகாது என்று கடிதம் எழுதித் தடுத்துப் பார்த்தார். லோவெல் கேட்கவில்லை. மறுவருஷம் அந்தப் புத்தகத்துக்குப் புலிட்சர் பரிசு வந்தது. உனக்கும் பாராட்டுக் கடிதங்கள் குவிகின்றனவாம். தடுத்துச் சொல்ல ஒரு சிநேகிதியாவது உனக்கு இல்லாமல் போனாளே!

எனக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஏழு வருஷமாகிறது. உன் கட்டுரை வந்த இரண்டாவது வாரம், எட்டாம் வகுப்புப் பெற்றோர் இரண்டு பேர் தலைமையாசிரியை அறைக்கு வந்தார்கள். "கிளாஸ்ல விழுந்துட்டா புள்ளைங்க பயந்துருமே" என்றார்களாம். "சும்மா பேருக்கு ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் குடுத்துருங்க டீச்சர்" என்று தலைமையாசிரியை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பதினான்கு வருஷம் நின்று பாடம் எடுத்த வகுப்பு, அண்ணே. நேற்று கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது கால் சற்று இடறியது. முப்பத்தைந்து பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீயும் ஊரறியத்தானே எழுதுகிறாய் என்று கேட்பாய். நீ கொட்டியதை நான் அள்ள முடியாது, அதனால் எழுதுகிறேன். இதில் உன் பேர் இல்லை, ஊர் இல்லை, அந்த இதழின் பேரும் இல்லை. உன்னை எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். தெரிந்ததில் எழுதக் கூடாதது எதுவும் இங்கே வரவில்லை, இனிமேலும் வராது.

உன் கட்டுரைகள் புத்தகமாக வருகின்றனவாம். அந்த மூன்று பக்கத்தை எடுத்துவிடு. முன்பே கேட்டிருந்தால், நோயை எழுதிக்கோ, பந்தியை விட்டுவிடு என்று சொல்லியிருப்பேன். ஒரு போன், அவ்வளவுதான். நீ கேட்கவில்லையே! அன்றைக்கு அம்மா தண்ணீர் என்றாள். சாகிற வரைக்கும் எனக்கு அது தண்ணீராகவே இருந்திருக்கும்.