சாவி யார் இடுப்பில்?

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலையில். சேதமான படகுகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. விழுந்த தென்னைகளை எண்ண அதிகாரிகள் வந்தார்கள். ஜெகதாப்பட்டினத்தில் எங்க சித்தப்பாவின் தகரப்பெட்டி பற்றி யாரும் எழுதவில்லை. ஓடு பறந்த வீட்டில் இரண்டு நாள் தண்ணியில் ஊறிக் கிடந்த பெட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? உள்ளே இருந்தவை நிறப்பிரிகை, புதிய கோடாங்கி, தலித் முரசு, இரண்டு மூன்று இதழோடு நின்றுபோன சிற்றேடுகள், சைக்ளோஸ்டைல் எடுத்த துண்டறிக்கைகள், அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்களின் நோட்டீசுகள். சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து சித்தப்பா வாங்கிச் சேர்த்தது. "போனாப் போவுது, ஆளு பொழச்சமே" என்றார். சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க ஒவ்வொரு தாளாய்ப் பிரித்துப் பாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

வெயிலில் காயவைத்தால் வழவழ அட்டை பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உப்புக் காத்து வேறு. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் யாரோ ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுக் கொடுத்த போனை வைத்து, பிழைத்த பக்கங்களைப் படம் எடுத்தேன். கை நடுங்கிப் பாதி மங்கல். ஆனாலும் இன்றைக்கு அந்தப் பெட்டியில் மிஞ்சியிருப்பது அந்தப் படங்கள்தான். தாளைக் கரையான் முடித்துவிட்டது. அதனால் 'கணினி, இணையம் எல்லாம் மேட்டுக்குடி விளையாட்டு' என்று பேசும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

'பாரம்பரியப் பாதுகாப்பு' என்று பேசுகிறவர்களோடும் உடன்பாடில்லை. எவர் பாரம்பரியம்? எங்களுக்குப் பக்கத்தில்தான் ஆவுடையார்கோயில். அதன் கொடுங்கையை எத்தனை கோணத்தில் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நல்லதுதான், வயிறெரியவில்லை. (கொஞ்சம் எரிகிறது.) கல்லும் ஓலையும் வைத்திருந்தவனுக்குப் பாதுகாக்க ஏதோ இருக்கிறது. தொண்டையை மட்டும் வைத்திருந்தவளுக்கு?

தாளில் எழுதி அச்சடித்தவர்களின் கதையையும் பார்த்துவிடுவோம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஆட்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதே ஆண்டுகளில், அதே சென்னையில், ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திக்கொண்டிருந்தார். 1907 ஜூன் 19இல் தொடங்கி, அடுத்த ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் மாறி, 1914இல் அவர் சாகும்வரை வாரந்தோறும் வந்தது. தர்ஸ்டன் நம்மை அளந்த காலத்தில் பண்டிதர் சாதியின் வரலாற்றையே திருப்பி அளந்தார்.

இன்றைக்குத் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளும் இணையத்தில் இலவசம். எழுத்து எழுத்தாகத் தட்டச்சாகி, எந்தச் சொல்லையும் தேடி எடுக்கும்படி இருக்கின்றன. பண்டிதரோ செத்து 85 வருஷம் கழித்து, 1999இல்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வழியாக நம் தலைமுறைக்கு வந்தார். அதுவரை எங்கே இருந்தார்? அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் வீட்டில் இருந்தார். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் போட்ட மலிவுப் பதிப்புகளில் இருந்தார். ஆக 'தொலைந்துபோன அயோத்திதாசர்' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அவர் தொலையவில்லை, பூமிக்குள் இறங்கித் தங்கம் வெட்டினவன் வீட்டில் பத்திரமாக இருந்தார். அந்த வீட்டுக் கதவைத்தான் தமிழறிவுலகம் தட்டவில்லை.

இப்போது கேட்டால் பதில் சொல்லும் எந்திரங்கள் வந்துவிட்டன. இணையத்தில் கிடக்கிற எழுத்தைத் தின்று வளர்ந்தவை. அங்கே இல்லாதவன் அதற்குப் பிறக்காதவன். நம் பிள்ளைகள் தங்கள் தெருவைப் பற்றிக் கேட்டால் தர்ஸ்டன் வாயால் பதில் வரலாம். தேன் தடவித் தரும், அவ்வளவுதான். நம் பழைய இதழ்களைப் படம் பிடித்துப் போட்டாலும் போதாது. 1978க்கு முந்தைய அச்சில் றா, ணை, லை எல்லாம் வேறு உருவம்; எழுத்துணரும் மென்பொருள் அங்கே தடுமாறும். நம் பேச்சுவழக்கை அது பிழை என்று திருத்திவிடவும் பார்க்கும். மனுசன் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அது மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை. மேடையில் முழங்குவதைவிட அலுப்பான வேலை.

என் பிழைப்பு வங்கிக் குமாஸ்தா. பழைய லெட்ஜர் கணினிக்குப் போனபோது பேர்கள் என்ன பாடுபட்டன என்பதைத் தினமும் கவுண்டரில் பார்க்கிறேன். ஆறாயி ஆங்கிலத்தில் போய் 'அரயி' ஆகித் திரும்புகிறாள். ஆதாரில் ஒரு பேர், பாஸ்புக்கில் ஒரு பேர். கிழவி நேரில் வந்து நின்று "நாந்தாய்யா அது" என்றாலும் கணினி ஒத்துக்கொள்ளாது. தன் காசை எடுக்க, தான்தான் தான் என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். நம் பாட்டுக்கும் இதுதான் நடக்கிறது. இணையத்தில் போய்ப் பாருங்கள்: 'கிராமியப் பாடல்', 'நாட்டுப்புறக் கலைஞர்'. பாடினவள் பேர் இல்லை, தெரு இல்லை. ஒலி தெளிவாக இருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். விதவிதமாக அடி பதிவாகியிருக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் இருக்கின்றன. அதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த மறுப்பும் நம் பாரம்பரியம்தானே? அதை மறுத்தவர் வாயிலிருந்து கேட்டுப் பதிந்துவைக்காவிட்டால், நாளைக்கு நம் பேரன் பறையை வெறும் தாளமாக மட்டும் கேட்பான்.

இனி எங்க வீட்டில் நடந்தது. பெரியப்பா மகன் கல்லூரியில் படிக்கிறவன். அப்பாயி நடவுப் பாட்டுப் பாடுவதைப் போனில் பதிந்தான். அதில் அப்பாயி தானே கட்டிச் சேர்த்த சில அடிகள் உண்டு; ஒரு மிராசுவைப் பேர் சொல்லி, அவன் செய்ததைச் சொல்லிக் கிழிக்கும். வயலுக்குள் பெண்டுகள் மட்டும் இருக்கும்போது பாடுவது. இவன் பெருமையில் அதை ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். சாயங்காலம் தெருமுனையில் இரண்டு பைக் வந்து நின்றது. "கெழவிக்கு அம்புட்டுத் திமிரா?" அந்த வருஷம் அந்தப் பக்கத்து வயல்களுக்கு எங்க தெருவிலிருந்து ஒரு பொம்பளையையும் நடவுக்குக் கூப்பிடவில்லை. இவன் அழித்தான், ஆனால் அதற்குள் அது கை மாறி, எவனோ சினிமாக் காமெடிக்கு ஒட்டிச் சுற்றவிட்டான். அப்பாயி அவனைத் திட்டவில்லை. "பாட்டு வயக்காட்டுல கெடந்துச்சு. நீ ஏன்டா அத ரோட்டுக்குக் கொண்டாந்த?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காமல் 'அனைத்தையும் பதிவோம், அனைவருக்கும் பகிர்வோம்' என்று கிளம்புவதை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. பாடியவள் நாளைக் காலையில் அந்த வயலில்தான் போய் நிற்க வேண்டும். இதை நாம் மட்டும் யோசிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் டென்னன்ட் கிரீக்கில் வாழும் வாருமுங்கு பழங்குடிகள் 2007 வாக்கில் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு கணினிக் காப்பகம் அமைத்தார்கள். பேர் முகுர்ட்டு, அவர்கள் மொழியில் பொருட்களைப் பத்திரமாக வைக்கும் பை. எந்தப் படத்தை யார் பார்க்கலாம், எந்தப் பாட்டை யார் கேட்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் வழக்கமே முடிவு செய்யும். அந்த மென்பொருளை இன்று யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வெளியே இருந்து வந்து பதிந்துகொண்டு போகிறவர்கள் சாவியையும் கொண்டுபோகிறார்கள். சாவி பாடியவள் இடுப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வேங்கைவயல் எங்க மாவட்டம்தான். 2022 டிசம்பரில் குடிதண்ணித் தொட்டியில் மலம் கிடந்தது தெரிந்த பிறகு எத்தனையோ கேமராக்கள் அங்கே போயின. வெட்டி ஒட்டிய துண்டுகளை நாம் பார்த்தோம். அந்த மக்களின் பேச்சு, வெட்டாமல், முழு நீளத்தில், அவர்கள் கையிலேயே இருக்க வேண்டாமா? சேனல்காரன் நினைத்தால் ஒரே தட்டில் அழித்துவிடுவான்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. அச்சில் வந்து ஊரறியப் பேசியவை ஊருக்கே. எங்க கரைக்கு எதிர்க்கரை யாழ்ப்பாணம். 1981இல் அங்கே நூலகத்தைக் கொளுத்தினார்கள், 97,000 புத்தகம் போச்சு என்கிறார்கள். 2005இல் ஈழத்தவர்கள் 'நூலகம்' என்ற இணையக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். சாதிக்கு எதிராக எழுதி, 1986இல் தஞ்சாவூரில் வந்து செத்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை நான் படித்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், போனில், அந்த வழியாகத்தான்.

நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்கிறோம். பெரிய திட்டம் இல்லை. ஒரு போன், நல்ல வெளிச்சம், கண்ணாடித் தகடு ஒன்று. ஹார்ட் டிஸ்க் இரண்டு; ஒன்று கடலோரத்தில், ஒன்று புதுக்கோட்டையில், இரண்டும் ஒரே புயலில் போகாதபடிக்கு. கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு: யார் பாடினது, யாரிடம் கற்றது, எந்த வேலைக்கு, யார் கேட்கலாம். அப்பாயியின் நடவுப் பாட்டுக்கு எதிரே கடைசிக் கட்டத்தில் அவள் சொன்னபடி எழுதியிருக்கிறேன்: 'நம்ம பொம்பளைக மட்டும்.' அதனால் நானே அதைத் திரும்பக் கேட்கவில்லை. என் மனைவி கேட்டுத்தான் எழுதினாள்.

சித்தப்பா பெட்டியில் அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் போன இதழ் ஒன்று உண்டு. பேர் தெரியவில்லை, எழுத்தை வைத்துப் பார்த்தால் தொண்ணூறுகளில் வந்தது. நடுவில் குடிதண்ணிக் கிணறு பற்றி ஒரு பெண் எழுதிய கவிதை இருக்கிறது. அவர் பேர் இருந்த ஓரத்தைத்தான் கரையான் தின்றிருக்கிறது. பழைய இதழ் வைத்திருக்கிற தோழர்கள் யாராவது பரணில் தேடிப் பார்த்து இந்த முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். அந்தப் பேரை எழுதவேண்டிய கட்டம் நோட்டில் காலியாக இருக்கிறது.