பதினாலு நாள் கணக்கு

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சின்ன ஊர். ஜனவரியில் போனால் எங்கே பார்த்தாலும் ஆர்.வி. வண்டிகள்தான் (சக்கரம் வைத்த வீடுன்னு வச்சுக்கோங்க). நாங்கள் போனது அக்டோபரில். வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்ததும் அப்படி ஒரு அமைதி. தண்ணீர் கிடையாது, கரண்ட் கிடையாது, கட்டணமும் கிடையாது. மத்திய அரசு நிலம்.

விதி ஒன்று உண்டு. 28 நாளில் 14 நாள்தான் தங்கலாம், அப்புறம் 25 மைல் தள்ளிப் போய்விட வேண்டும். நியாயம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். நாங்கள் தங்கியதே இரண்டு ராத்திரி!

பக்கத்தில் (பக்கம்னா அரை கிலோமீட்டர்) பழைய வேனில் ஒரு பாட்டி. வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்தவராம். அன்று அவருக்குப் பதிமூன்றாவது நாள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் எத்தனை மைல் வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இதே ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில் காசு கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நகரவே வேண்டாம். அங்கே தண்ணீரும் குப்பைத்தொட்டியும் உண்டு, அதற்குக் காசு வாங்கட்டும். ஆனால் ஏழு மாசம் ஒரே இடத்தில் வண்டி நின்றால் பாலைவனம் கெடாது என்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதானே? அப்புறம் போக்கிடம் இல்லாதவருக்கு மட்டும் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் என்ன? பொய் சொல்லி நுழைவார்கள் என்பீர்கள். நுழையட்டுமே, நவம்பர் குளிரில் வேனில் தூங்கத்தானே.

நாங்கள் கிளம்பும்போது பாட்டி தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்.