ஓய்வு நேரத்தின் உடைமையாளர்கள்

2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. கல்வான் மோதலைத் தொடர்ந்து, தேசப் பாதுகாப்பின் பெயரால் எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. தடை செய்யப்பட்டவற்றில் டிக்டாக்கும் ஒன்று. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தி வந்தனர். திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் இடம் கிடைத்திராத உழைக்கும் வர்க்க இளைஞர்கள் பலர் அங்கே ஆடினர், பாடினர், நடித்தனர். தாங்கள் சேர்த்த பார்வையாளர்கள் அனைவரையும் ஒரே இரவில் இழந்தனர். ஒன்பதே நாட்களில், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் தனது ரீல்ஸ் வசதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. சீன நிறுவனம் வெளியேறிய இடத்தில் அமெரிக்க ஏகபோகம் வந்து அமர்ந்தது. இது நடந்த ஆண்டில்தான் ‘தற்சார்பு இந்தியா’ என்ற முழக்கமும் ஓங்கி ஒலித்தது.

அந்த இளைஞர்கள் இழந்ததற்கு இழப்பீடு கோர அவர்களுக்கு எந்த வழியும் இருக்கவில்லை. தறி முதலாளிக்குச் சொந்தம் என்றாலும் நெசவாளிக்குக் கூலி உண்டு. இங்கே பெரும்பாலோருக்குக் கூலியும் இல்லை. தாங்கள் செய்வது உழைப்பு என்ற உணர்வும் இல்லை.

இளைஞர்களும் சமூக ஊடகமும் என்று பேச்செடுத்தாலே ‘கைபேசிக்கு அடிமையான தலைமுறை’ என்ற புலம்பல் தொடங்கிவிடுகிறது. முற்போக்கு மேடைகளும் இதற்கு விலக்கல்ல. நோயாளியைத் திட்டும் இந்த அணுகுமுறை நோயின் மூலத்தைத் தொடுவதில்லை. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1944இலேயே ‘பண்பாட்டுத் தொழில்துறை’ பற்றி எழுதினர். முதலாளித்துவத்தில் பொழுதுபோக்கு என்பது வேலையிலிருந்து விடுதலை அல்ல, வேலையின் நீட்சியே என்பது அவர்களது வாதம். கனடாவின் டல்லாஸ் ஸ்மைத் 1977இல் ஒரு படி மேலே சென்றார். தொலைக்காட்சி உண்மையில் விற்கும் பண்டம் நிகழ்ச்சி அல்ல, பார்வையாளரே என்றார். இன்றோ அந்தப் பார்வையாளரே நிகழ்ச்சியையும் தயாரித்துத் தருகிறார். இது மார்க்ஸ் கூறிய பொருளில் உபரி மதிப்பைப் படைக்கும் உழைப்பா, அல்லது வாடகை வசூலா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. லாபம் எங்கே குவிகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை. 2023இல் மெட்டா நிறுவனம் ஈட்டிய ஒவ்வொரு 100 டாலரிலும் 97 டாலருக்கு மேல் விளம்பரத்திலிருந்தே வந்தது.

விளம்பரம் விற்க வேண்டுமானால் கண்கள் திரையை விட்டு அகலக்கூடாது. கோபம் அதற்கு மிகவும் உதவுகிறது. 2017இல் பேஸ்புக்கின் கணிப்பு முறை, ‘விருப்பம்’ என்ற குறியைவிடக் கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்பளித்தது. பிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்கள் இதைக் காட்டின. அதே ஆவணங்களில் இன்னொரு செய்தியும் உண்டு. 2019 பிப்ரவரியில் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இந்தியப் பயனாளருக்கான சோதனைக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கணிப்பு முறை பரிந்துரைத்ததை மட்டும் பின்தொடர்ந்தார். மூன்றே வாரங்களில் அந்தக் கணக்கின் திரை வெறுப்பும் பொய்ச் செய்தியும் வன்முறைப் படங்களுமாக நிறைந்தது. எந்தச் சங்கப் பரிவார ஊழியரும் அந்தக் கணக்கைத் தேடி வரவில்லை. லாபத்துக்கான இயந்திரம் தானாகவே அங்கு கொண்டு சேர்த்தது. மதவெறி அரசியலுக்கு இதைவிட மலிவான பிரச்சார ஊழியர் கிடைப்பாரா?

இந்தியச் சூழல் இதற்கு உரம் போட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவச இணையத்துடன் சந்தைக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பேஸ்புக் அதன் தாய் நிறுவனத்தில் 43,574 கோடி ரூபாய் முதலீடு செய்தது. மறுபுறம், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு இந்திய அறிக்கைப்படி வேலையற்றோரில் சுமார் 83 சதவீதத்தினர் இளைஞர்கள். தேர்வு அறிவிப்புக்காகவும், அறிவித்த தேர்வின் முடிவுக்காகவும் காத்திருக்கும் அந்த நீண்ட பகல்களே ஏகபோகங்களின் மூலப்பொருள்.

ஆனால் அடோர்னோவின் அவநம்பிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தில்லி எல்லையில் அமர்ந்த விவசாயிகள் இதே ஊடகங்களைக் கொண்டே ‘கோதி மீடியா’வின் பொய்களை எதிர்கொண்டனர். 2020 டிசம்பர் 20 அன்று கிசான் ஏக்தா மோர்ச்சாவின் பேஸ்புக் பக்கம் சில மணி நேரம் முடக்கப்பட்டதும், எதிர்ப்புக் கிளம்பிய பின் மீண்டதும் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. சாவி முதலாளியின் கையில் இருக்கிறது. திரண்ட மக்களின் அழுத்தத்துக்கு அவரும் பணிய நேரிடுகிறது.

ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. இளைஞரை வெளியேற்றும் இத்தகைய சட்டங்கள் வணிக முறையைத் தொடுவதில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் கண்காணித்து விளம்பரம் காட்டுவதைத் தடை செய்கிறது. பத்தொன்பது வயதினருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அத்தடையை எல்லா வயதினருக்கும் விரிவாக்குவதும், கணிப்பு முறைகளைப் பொதுத் தணிக்கைக்கு உட்படுத்துவதும், ஒருவர் தன் படைப்பையும் தொடர்புகளையும் வேறு தளத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் இளைஞர் இயக்கத்தின் கோரிக்கைகளாக வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பு என்ற கோரிக்கையுடனும், பூட்டிக் கிடக்கும் கிளை நூலகத்தைத் திறக்கச் சொல்லும் உள்ளூர்ப் போராட்டத்துடனும் சேர்த்தே இவற்றை எழுப்பலாம்.