எழுத்தும் ஒலியும் யாருடைய உடைமை?

கேரளத்தின் தொடக்க வகுப்பு மலையாளப் பாடநூல்களில் எழுத்து வரிசை மீண்டும் இடம்பெறும் என்று 2022ஆம் ஆண்டில் அம்மாநிலப் பொதுக்கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி அறிவித்தார். எழுத்தாளர்களும் மொழி ஆர்வலர்களும் நெடுநாள் வலியுறுத்திவந்த கோரிக்கை அது. ஆயினும், திருவனந்தபுரத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவை முற்போக்குக் கல்வியாளர்களில் ஒரு பகுதியினர் பின்னடைவு என்றே கருதினர். எழுத்தையும் அதன் ஒலியையும் தனியே எடுத்துக் கற்பிப்பது மனப்பாடக் கல்விக்குத் திரும்புவதாகும் என்பது அவர்களது வாதம். இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் செல்வாக்குப் பெற்ற வாதம் இது. எனவே இதனை மழுப்பாமல் பரிசீலிக்க வேண்டியுள்ளது.

1990களில் உலக வங்கிக் கடனுதவியுடன் வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் திருவனந்தபுரம் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. 1997இல், இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில், செயல்வழிக் கற்றலை அடிப்படையாகக் கொண்ட புதிய பாடத்திட்டம் மாநிலமெங்கும் விரிவடைந்தது. பிரம்புக்கும் கூட்டு ஓதலுக்கும் எதிராக அது நடத்திய போராட்டம் நியாயமானது. குழந்தையைப் பேசவும் பாடவும் வரையவும் வைத்தது அதன் சாதனை. அதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. பிழை வேறிடத்தில் நேர்ந்தது. கதையிலிருந்து வாக்கியம், வாக்கியத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து எழுத்து என்று வரிசை தலைகீழானது. எழுத்தைக் குழந்தை தானே கண்டடையும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? வாசிப்பு என்பது ஒருவகை ஊகிப்பு விளையாட்டு என்று 1967இல் அமெரிக்கக் கல்வியாளர் கென் குட்மன் முன்வைத்த கோட்பாடு, முழுமொழி முறை என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. எழுத்து ஒருவாறும் உச்சரிப்பு வேறொருவாறும் இருக்கும் ஆங்கிலத்தைச் சுற்றி எழுந்த கோட்பாடு அது. அங்கேயே அது நிலைக்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கும் மலையாளத்துக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தியதற்கு என்ன நியாயம்? உயிர்க்குறியும் கூட்டெழுத்தும் சேர்ந்து நூற்றுக்கணக்கான வடிவங்களாக விரியும் எழுத்துமுறை இது. கன்னடக் குழந்தைகளிடையே சோனாலி நாக் மேற்கொண்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துகள் கைவசமாகத் தொடக்கப்பள்ளிப் பருவத்தின் பல ஆண்டுகள் பிடிப்பதைக் காட்டியது. ஆங்கிலத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலான காலமும் முறையான பயிற்சியும் இம்மொழிகளுக்குத் தேவை என்பதே இதன் பொருள்.

பழைய மலையாளப் பாடநூலின் 'தற', 'பற' என்ற முதற்பாடத்தை எள்ளி நகையாடுவது ஒருகாலத்தில் முற்போக்கின் அடையாளமாகவே இருந்தது. ஓரெழுத்து மாறினால் தரை என்ற சொல் அளவைக்கலமாக மாறிவிடுகிறது. ஒலியைப் பிரித்தறியக் குழந்தைக்கு இதைவிட எளிய வாயில் ஏது? எள்ளியவர்கள் அதற்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை.

எழுத்தைத் தானே கண்டடையும் குழந்தை எது என்பதுதான் வர்க்கக் கேள்வி. நாளிதழ் வரும் வீட்டில், மாலையில் மடியில் வைத்துப் படித்துக் காட்ட ஆளிருக்கும் வீட்டில், குழந்தை எழுத்தோடுதான் பள்ளிக்கு வருகிறது. வகுப்பறையில் அது 'கண்டடைவது' வீட்டில் ஏற்கெனவே பெற்றதை. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் விடியுமுன் கடலுக்குச் செல்வோரின் குழந்தைக்குப் பள்ளியைத் தவிர வேறு புகல் இல்லை. பள்ளி கற்பிக்காததை அது எங்கே பெறும்? கேரளப் பாடநூல்களை உருவாக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி மன்றம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் இருக்கிறது. அதே பூஜப்புரையின் சரஸ்வதி மண்டபத்தில் ஒவ்வொரு விஜயதசமி நாளிலும் குழந்தைகளின் விரல் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார்கள். மண்டபத்தில் இருந்த எழுத்து வரிசை அரசுப் பாடநூலில் இல்லாமற்போனது விந்தைதான். இடைவெளியை எல்கேஜி கடைகளும் டியூஷன் வீடுகளும் நிரப்பிக்கொண்டன.

இதே மாவட்டத்தின் ஊரூட்டம்பலத்தில்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றார். ஆதிக்க சாதியினர் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தனர். நெருப்பைத் தாண்டி வென்றெடுத்த எழுத்து அது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது, அந்த இயக்கம் 'அட்சர கேரளம்' என்றே பெயர் சூடியிருந்தது.

எழுத்துப் பயிற்சியை எதிர்ப்போர் பாவ்லோ பிரெய்ரேயின் பெயரை அடிக்கடி முன்னிறுத்துகின்றனர். பிரெய்ரே செய்தது என்ன? 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் நகரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு அவரது முறையில் எழுத்தறிவு புகட்டப்பட்டது. செங்கல் என்று பொருள்படும் 'திஜோலோ' அம்முறையின் புகழ்பெற்ற சொற்களில் ஒன்று. செங்கல்லைச் சுமப்பவர் யார், அதில் எழும் வீடு யாருடையது என்ற உரையாடல் முதலில் நடக்கும். பிறகு அச்சொல் தி, ஜோ, லோ என்று அசைகளாக உடைக்கப்படும். த, தே, தி, தோ, து என அசைக் குடும்பம் பலகையில் விரியும். அவற்றைச் சேர்த்துத் தொழிலாளி புதுச் சொற்களை ஆக்குவார். ஒலிப் பயிற்சி என்பது இதுவன்றி வேறென்ன? கியூபாவின் 1961 எழுத்தறிவுப் படையெடுப்பில் சுமார் 7 லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றனர். அதன் பாடநூல் அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஸ்பானியப் பெயர்ச் சுருக்கமான ஓ, ஏ, ஆ என்ற மூன்று உயிரெழுத்துகளுடன் தொடங்கியது. ஏகாதிபத்தியம் பற்றிய விவாதமும் உயிரெழுத்துப் பாடமும் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தன. அரசியலா, எழுத்தா என்று அங்கு எவரும் வழக்காடவில்லை.

ஃபோனிக்ஸ் என்றாலே மேற்கத்தியச் சரக்கு என்று முகம் சுளிப்போர் ஒன்றை அறிய வேண்டும். படத்தின் கீழே ஒலிக்கொரு கட்டம் வரைந்து, சொல்லை மெல்ல இழுத்துச் சொல்லியபடி கட்டத்துக்கு ஒரு வில்லை வைக்கும் பயிற்சி இன்று உலகெங்கும் ஆங்கில வகுப்புகளில் நடக்கிறது. அதை வகுத்தவர் வைகோட்ஸ்கி மரபில் வந்த சோவியத் உளவியலாளர் டேனியல் எல்கோனின். உழைப்பாளி வர்க்க அரசில் உருவான முறையை இன்று அட்டைப் பெட்டியில் அடைத்துத் தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. விற்பவரை எதிர்க்க வேண்டும். முறையைத் துறக்க வேண்டியதில்லை.

ஒன்றிய அரசின் நோக்கத்தையும் இங்கே பிரித்தறிய வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், இரண்டாம் வகுப்புக் குழந்தை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களை வாசிக்க வேண்டும் என்று இலக்கு விதிக்கிறது. எழுத்தறிவு இவ்வாறு ஓட்டப்பந்தயமாகிறது. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒலித்தேர்வு நடக்கிறது. அவற்றில் பாதி பொருளற்ற போலிச் சொற்கள். கற்பித்தலைத் தேர்வு விழுங்கினால் விளைவது இதுவே. தமிழ்நாட்டின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும், கற்பிக்கும் நேரம் செயலியில் பதிவேற்றுவதில் கரைகிறது என்று ஆசிரியர் அமைப்புகள் முறையிட்டுள்ளன.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு. கடல், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் எழுத்து ஒன்றே. ககரத்தின் ஒலி மூன்று. தமிழ்க் குழந்தைக்குப் பேச்சில் இது இயல்பாக வந்துவிடுகிறது. வீட்டில் வேறு மொழி பேசும் புலம்பெயர் தொழிலாளியின் குழந்தைக்கு ஆசிரியர் சொல்லித்தந்தால்தான் வரும். எழுத்துகள் பிறக்கும் இடங்களை ஆராயப் பிறப்பியல் என்று தனி இயலே வகுத்தது தொல்காப்பியம். ஆனால் எழுத்து எங்கே பிறக்கிறது என்பது பெரும்பாலும் புலவர் வகுப்போடு நின்றுவிட்டது.

பாடநூலில் எழுத்து வரிசையை அச்சிட்டதோடு திருவனந்தபுரத்தின் கடமை முடிந்துவிடாது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு ஒலிப் பயிற்சியில் முறையான தேர்ச்சி தர வேண்டும். ஒவ்வொரு குழந்தையையும் தனித்துக் கேட்க நேரம் கிடைக்கும் அளவில் வகுப்பின் எண்ணிக்கை இருக்க வேண்டும். தோட்டப் பகுதிகளின் தமிழ்வழி வகுப்புகளுக்கும் இந்த ஏற்பாடு அதே வேகத்தில் சென்றடைய வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களும் ஆசிரியர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைத் தங்கள் மாநாட்டுத் தீர்மானங்களில் சேர்த்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.