சர்வர் யார் வீட்டுல இருக்கு?

நெட்வொர்க்ல பாடற ஆடியோ பெட்டி வாங்கப் போறவங்க முதல்ல கேக்கறது "சவுண்டு எப்படி?"ன்னுதான். நான் கேக்கச் சொல்றது வேற: இது பாடணும்னா எந்த சர்வர் உயிரோட இருக்கணும்? உங்க வீட்டுல இருக்கறதா, கம்பெனிக்காரன் வச்சிருக்கறதா?

சங்கதி ரொம்ப எளிமை. உங்க கணினியில பாட்டுக் கோப்புகள் இருக்கு. ஒரு சர்வர் மென்பொருள் அதுக்கெல்லாம் பட்டியல் போட்டு வச்சுக்குது. ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல இருக்கற பிளேயர், ரவுட்டர் வழியா பாட்டைக் கேட்டு வாங்கி ஒலியா மாத்துது. சிடி தரத்துக்கு நொடிக்கு 44,100 சாம்பிள், 16 பிட், ரெண்டு சேனல். மொத்தம் சுமார் 1.4 மெகாபிட். ஓட்டை வைஃபையே தாங்கும். (இதுக்குப் போய் 'ஆடியோஃபைல்' கேபிள்னு ஆயிரக்கணக்குல காசு அழறது... உங்க இஷ்டம்!)

இதை அழகா செஞ்சு காட்டினது ஸ்லிம் டிவைசஸ் கம்பெனியோட ஸ்க்வீஸ்பாக்ஸ். வந்தது 2003-ல. 2006-ல லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கிச்சு, 2012-ல பெட்டித் தயாரிப்பை நிறுத்திச்சு, 2024-ல மைஸ்க்வீஸ்பாக்ஸ் இணைய சேவையையும் மூடிடுச்சு. அத்தோட சங்குன்னுதானே நினைப்பீங்க? இல்லை. வீட்டுக் கணினியில ஓடற சர்வர் மென்பொருள் திறமூலம். ஆர்வலர்கள் லிரியன் மியூசிக் சர்வர்னு பேர் மாத்தி இன்னும் வளர்த்துட்டு வர்றாங்க. பழைய பெட்டிகள் பாடுது. பெட்டியே செத்துப்போனாலும் ஒரு ராஸ்பெரி பையில ஸ்க்வீஸ்லைட் போட்டா, அதுவே புது பிளேயர்.

இந்தப் பக்கம் சோனோஸ். நல்ல சவுண்டு, மாட்டறதும் சுலபம். 2024 மே மாசம் புது ஆப் விட்டாங்க. அலாரம் மாத்தறது, ஸ்லீப் டைமர் மாதிரி இருந்த வசதிகளே காணாமப் போச்சு. தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில பதவியை விட்டும் போனார். ஸ்பீக்கர் என்னவோ அதே ஸ்பீக்கர்தான். சாவி மட்டும் வேற ஒருத்தர் கையில.

"சர்வரைக் கட்டி மேய்க்க யாருக்குய்யா நேரம்?"னு கேப்பீங்க. நியாயம். மாசச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங் கேக்கறவங்களுக்கு இது வேண்டாத வேலைதான். ஆனா கேசட்லேருந்தும் ரேடியோலேருந்தும் பதிஞ்சு வச்சது, வேற எங்கயும் கிடைக்காத பாட்டுன்னு ஹார்டு டிஸ்க் நிறைய வச்சிருக்கறவங்க யோசிக்கணும். மேய்க்கறதும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பிளேயருக்கு சர்வர் தெரியலைன்னா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, கணினியோட ஃபயர்வால் 3483, 9000 போர்ட்டுகளை மறிக்குதா? ரெண்டு, பிளேயர் கெஸ்ட் வைஃபையில போய் உக்காந்திருக்கா? ரவுட்டர்ல கணினிக்கு ஒரு நிலையான ஐபி குடுத்துட்டா இன்னும் நிம்மதி.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. ரவுட்டர் ஓடட்டும், வெளியிலேருந்து வர்ற இணைய வயரை மட்டும் புடுங்குங்க. கணினியில இருக்கற பாட்டை அப்பவும் பாடுதா? அது உங்க பெட்டி. பாடலைன்னா, காசு உங்களுது, பெட்டி அவங்களுது.

உங்க வீட்டுப் பெட்டி இதுல பாஸா ஃபெயிலா? சொல்லிட்டுப் போங்க மக்கா.