கணக்கில் செத்தது; கரையில் தளிர்த்தது!

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையிலே வாள்பட்டு வீழ்ந்த வீரன், திரை விழுந்ததும் எழுந்து, தூசு தட்டி, தேநீர் கேட்பான். அது நாடகம்; கோபிப்பார் இல்லை. ஆனால், தோழரே, ஊர்ப்பணத்திலே நடக்கும் நாடகம் ஒன்றுண்டு. அதிலே மடிவது களை. மறு ஆண்டு எழுவதும் அதே களை. கட்டணம் செலுத்துவது மட்டும் என்றும் நாம்!

காரைக்காலைப் பாருங்கள்! அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு! பெயரைச் சொன்னாலே நெஞ்சு குளிரும் காவிரிக் கடைமடை. புதுவை மாநிலத்துக்கு 7 டி.எம்.சி. என்று 2007இல் நடுவர் மன்றம் நவின்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனையே உறுதி செய்தது. ஏட்டிலே வந்த நீர் வாய்க்காலிலே வரும்போது வழிமறிப்பது யார்? வெங்காயத் தாமரை! நெய்வேலிக் காட்டாமணக்கு! கரையேறினாலோ சீமைக் கருவேலம்! மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. விருந்தாக வந்தது வீட்டுக்காரனை விரட்டுகிறது!

வெங்காயத் தாமரை பூவிலே அழகி, செயலிலே அரக்கி. இடமும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்திலே இரட்டிப்பாகும். நீர்மேல் அது பாய் விரித்தால், உள்ளே ஒளி புகாது, உயிர்வளி குறையும், மீன் மடியும். மீனற்ற குளத்திலே நாரைக்கு ஏது வேலை?

சீமைக் கருவேலம் 1877இல் அன்றைய சென்னை மாகாணத்திலே நடப்பட்டது. வறண்ட நிலத்துக்கு விறகு தரும் என்றனர், தந்தது. பிறகு நிலத்தையே கேட்டது! தெற்கே கோடியக்கரைக்குச் செல்லுங்கள். 1967இல் சரணாலயம், 2002இல் ராம்சார் பட்டியலில் இடம். வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அந்தப் புல்வெளியிலேதான் கருவேலம் குடியேறிற்று. காயைத் தின்ற விலங்கே சாணத்தின் வழி விதையைப் பரப்புகிறது. தன் வீட்டுக்குத் தானே முள்வேலி இடுகிறது, பாவம், வாயில்லா ஜீவன்!

'மானியம் தருகிறோமே!' என்பர். தருகிறீர்கள், மறுக்கவில்லை. எதற்குத் தருகிறீர்கள்? வெட்டுவதற்கு! இத்தனை ஏக்கர் வெட்டினோம், இதோ பற்றுச்சீட்டு, இதோ படம் என்று கோப்பு முடிகிறது. கோப்பு முடிந்த அன்றே அடிக்கட்டை துளிர்க்கத் தொடங்குகிறது. மண்ணிலே உறங்கும் விதை அடுத்த மழையிலே விழிக்கிறது. வெட்டுவது வேறு, வேரறுப்பது வேறு என்பதை உழவன் அறிவான். உத்தரவு எழுதுவோர் அறியவேண்டாமா?

சட்டம் போதும் என்பாருக்கும் ஒரு சொல். வங்கத்திலே 1936இல் வெங்காயத் தாமரைக்கென்றே சட்டம் வந்தது. 1937 தேர்தலிலே அதனை ஒழிப்பது கட்சிகளின் வாக்குறுதியாயிற்று. சட்டம் நூலகத்திலே இருக்கிறது. தாமரை குளத்திலே இருக்கிறது!

'ஏழை அடுப்பெரிக்கும் மரமாயிற்றே, கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் என் செய்வர்?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. 2017இல் கருவேலத்தை அகற்ற உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. ஒரே மூச்சிலே மொட்டையடிப்பது தீர்வல்ல என்பதை ஒப்புகிறேன். ஆகவேதான் சொல்கிறேன்: பகுதி பகுதியாக அகற்றுங்கள், அகற்றும் கூலியும் விறகும் அந்த ஏழைக்கே சேரட்டும், அகற்றிய இடத்திலே மண்ணுக்குரிய புல்லும் மரமும் எழட்டும்.

'காரைக்கால் சரணாலயம் அல்லவே, வனவிலங்கு நிதி எப்படி?' என்பது அடுத்த தட்டிக்கழிப்பு. மைய அரசின் வனவிலங்கு வாழிட மேம்பாட்டுத் திட்டத்திலே, சரணாலயங்களுக்கு வெளியே உள்ள உயிர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. நாரை என்ன, பெயர்ப்பலகை படித்தா இறங்குகிறது?

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் நம் கையிலே நிர்வாகத்தை விட்டது. சுங்கச்சாவடி போயிற்று, அந்தக் கோடு மட்டும் கோப்பிலே நிற்கிறது! தமிழ்நாட்டரசு 2022இல் அயல் களைகளுக்கெனக் கொள்கை வகுத்தது. நன்று! ஆனால் மேலே அகற்றிக் கீழே விட்டாலும், கீழே அகற்றி மேலே விட்டாலும், ஆறு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். களை கோடு பார்ப்பதில்லை. காசு மட்டும் ஏன் பார்க்கவேண்டும்? ஆற்றின் வழியே ஓடட்டும் மானியம்! இரு அரசும் ஒரே பருவத்திலே இறங்கட்டும்! முதலாண்டு வெட்டுக்குப் பாதிப் பணம். அடுத்த ஆண்டுகளில் முளை பிடுங்கிய பின்னரே மீதிப் பணம் என்று விதி எழுதட்டும்!

வாக்குக் கேட்டு வருவோர் வருவர், தோழரே; எங்கள் கட்சியாரும் வருவர். எவராயினும், எத்தனை ஏக்கர் வெட்டினீர் என்று கேட்காதீர். மூன்றாம் ஆண்டிலே எத்தனை ஏக்கரில் புல் நின்றது, எத்தனை குளத்திலே நீர் தெரிந்தது என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவர் எவரோ, அவர் நாடகம் ஆடியவர்!