கீழத்தஞ்சையில் எது வளர வேண்டும்?

காவிரியின் கடைமடைப் பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் வகுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர், ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல், எத்தனை மூட்டை உரம், எத்தனை இயந்திரம். நிலம் யாருடையது, அதில் உழுகிறவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது, அறுத்த நெல்லில் அவன் குடிசைக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்விகள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஏறாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. தஞ்சை ஜில்லாவின் கதையே போதும்.

1959-ல் அமெரிக்க ஃபோர்டு ஸ்தாபனத்தின் நிபுணர் குழு இந்திய உணவு நெருக்கடி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. தண்ணீருக்குக் கவலையில்லாத ஜில்லாக்களைப் பொறுக்கியெடுத்து, விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாவற்றையும் ஒருசேர அங்கே கொட்டுங்கள் என்பது அதன் சாரம். 1960-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஏழு ஜில்லாக்களில் தஞ்சையும் ஒன்று. 1934-ல் திறந்த மேட்டூர் அணை இருக்கிறதல்லவா! 'பேக்கேஜ் திட்டம்' என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுதான் இது. அறுபதுகளின் நடுவில் குறுகிய வயதுடைய ஆடுதுறை 27 நெல்லும் வந்து சேர்ந்தது. ஒரு போகம் விளைந்த வயலில் குறுவையும் தாளடியும் விளைந்தன. நெல் பெருகியது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த நெல்லை நட்டதும் அறுத்ததும் நம் மக்கள்தானே!

ஆனால் கடனும் உரமும் பட்டா வைத்திருந்தவன் வாசலில் போய் நின்றன. வாய்மொழிக் குத்தகையில் உழுதவனிடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. கூலியாளுக்கோ, விளைச்சல் எவ்வளவு உயர்ந்தாலும், கேட்டுப் போராடினாலொழிய ஒரு படிகூட உயரவில்லை. அப்படிக் கூலியில் அரைப்படி நெல் உயர்த்திக் கேட்டதற்கும், செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் என்ன பதில் கிடைத்தது? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. மறு ஆண்டிலேயே மத்திய உள்துறை அமைச்சகம் தயாரித்த அறிக்கை, புதிய விவசாய முறை கிராமத்தில் ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டது. கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. வெண்மணிக்குப் பிறகு.

இனி இன்றைய நிலவரம். காவிரியில் தமிழகத்துக்கு பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது, தண்ணீர்தான் ஒழுங்காக வருவதில்லை. 2023-ல் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தார்கள். இருப்பு தீர்ந்து அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவே முடியவில்லை. இதில் தலைமடைக்காரன் எப்படியோ சமாளிப்பான். போர்செட் இருக்கிறது. கடைமடையில் நிலத்தடியில் உப்புநீர் உள்ள ஊர்களில் அதுவும் கிடையாது. கீழ்வேளூரிலும் வேதாரண்யம் பக்கத்திலும் ஆகஸ்டில் வெடித்துக் கிடக்கிற அதே வயல்தான் நவம்பரில் மார்பளவு நீரில் முழுகுகிறது. ஆகவே இந்தப் பகுதிக்கு வரத்து வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிகாலும் அவ்வளவு முக்கியம். வெண்ணாற்றின் கிளைகளைச் சீர்படுத்த ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 2016-ல் கடன் வாங்கினார்கள். பெரிய ஆறுகளுக்குக் கரை கட்டியது நல்லதுதான். ஊருக்குள் ஓடும் சின்ன வடிகால் தூர்ந்து கிடந்தால் அந்தக் கரையால் வயலுக்கு என்ன பயன்? தூர் வாரும் வேலையைக் கண்டிராக்டரின் இயந்திரத்துக்கு, அதுவும் தண்ணீர் வரும் வாரத்தில் கொடுக்காமல், ஏப்ரல், மே மாதங்களில் கிராமத்து ஆட்களுக்கே கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும்.

இரண்டாவது, உளுந்தும் பயறும். உத்தியோகஸ்தர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பயிரல்ல இது. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னே, ஈரம் காயாத வயலில் நின்ற நெல்லுக்கிடையே விதைத்துவிட்டால், மிச்ச ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும். தண்ணீர்ச் செலவு இல்லை, உரச் செலவும் சொற்பம். பறிப்பு வேலை பெண்களுக்குக் கிடைக்கும். ஆனால் அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த பயறை நசுக்கிவிட்டுப் போகிறது. நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. மழை மிரட்டும்போது சொந்தக்காரன் கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு, பயறையும் இழந்து, அறுப்பு வேலையையும் இழப்பது எந்த ஊர் முன்னேற்றம் என்றுதான் கேட்கிறோம். இயந்திரம் கூட்டுறவு சங்கத்தின் கையில் இருக்கட்டும். எந்த வயலுக்கு ஆள், எந்த வயலுக்கு இயந்திரம் என்பதை ஊர் தீர்மானிக்கட்டும்.

வேலை நாள் சுருங்கியதன் விளைவு ஆலைத் தொழிலாளருக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். வயலில் கூலி இல்லாதவன் ஆலை வாசலில் கிடைத்த கூலிக்கு நிற்கிறான். அது உங்கள் கூலியையும் இழுக்கிறது.

நெல் கொள்முதல் விஷயம் இன்னும் வேதனை. ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் கூடாது என்பது விதி. குறுவை அறுப்போ மழையோடு வருகிறது. இது நேற்று தெரிந்த செய்தி அல்ல. நனைந்த குறுவை நெல்லை என்ன செய்வது என்று ஆராய 1967-ல் திருவாரூரிலேயே ஒரு நிலையம் தொடங்கினார்கள். அது வளர்ந்து இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்பக் கழகமாக நிற்கிறது. குவியலோ தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டுக் கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் சில சதம் தளர்த்தச் சொல்லி தில்லிக்குக் கடிதம் போகிறது. மத்தியக் குழு வருகிறது, நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறது, போகிறது. கொள்முதல் நிலையத்துக்கு ஒரு சிமெண்டுக் களம், ஒரு கூரை, ஒரு உலர்த்தும் இயந்திரம் வைக்க இன்னும் எத்தனை ஆராய்ச்சி தேவை?

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது மக்கள் போராட்டத்தின் பலன், வரவேற்கிறோம். பழைய கிணறுகளை அது தொடவில்லை. உழுகிறவனின் உரிமையையும் தொடவில்லை.

அங்கேதான் நாம் தொடங்க வேண்டும். கோயில் நிலத்திலும் மட நிலத்திலும் தலைமுறையாக உழுகிறவர்கள், உள்குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் எத்தனையோ பேர் ஏட்டில் இல்லை. பயிர்க்கடனும் இன்சூரன்சும் வெள்ள நிவாரணமும் ஏட்டில் உள்ள பெயருக்கே போகின்றன. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-ல் இயற்றிய சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்த குறுவைக்கு முன் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் தாசில்தார் வந்து உட்கார்ந்து, சாட்சி கேட்டு, உழுகிறவன் பெயரை எழுதட்டும். எழுத வேண்டிய பெயர்களின் பட்டியலை ஊர்தோறும் விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இப்போதே தயாரிக்க வேண்டும்.